பல் வைத்திய மாணவர் ஊருக்கு வரட்டும்

பல்லுக் கொதி வந்தால் கிராம்பை வைத்துக் கடிப்போம். தாங்க முடியாத நாளில் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிடுங்கிவிட்டு வருவோம். அருவி வெட்டுக் காலத்தில் நாட்கூலியை இழந்து பஸ் ஏறுபவருக்கு வேறு வழி தெரிவதில்லை. இடம்பெயர்ந்து முகாம்களில் இருந்தபோதும், 2009 இன் பின்னர் காணி திருத்தத் தொடங்கியபோதும், பல்லைப் பற்றி யோசிக்க நமக்கு நேரமிருக்கவில்லை.

இலங்கையில் பல் வைத்தியக் கல்வி 1943 இல் கொழும்பில் ஆரம்பமாகிப் பின்னர் பேராதனைக்கு மாறியது. சமூகப் பல் சுகாதாரத்துக்கென அங்கு தனித் துறையும் உண்டு. அங்கு பயிலும் மாணவர்கள் சில வாரங்களேனும் வன்னியின் கிராமியக் கிளினிக்குகளில் தங்கிப் பயில வேண்டும் என்பது எமது கருத்து. இந்தியாவில் 2007 இன் விதிகள், பல் வைத்தியரின் ஓராண்டுப் பயிற்சியில் 3 மாதங்களைச் சமூகப் பல் வைத்தியத்துக்கும் கிராமச் சேவைக்கும் ஒதுக்கின.

பெரிய வைத்தியசாலையில் மாணவர் காண்பது கெட்டுப்போன பல்லை. ஊரில் காண்பது அது கெட்ட காரணத்தை. வவுனியாப் பகுதியில் பல கிணறுகளின் நீரில் புளோரைட் அதிகம். பல் உருவாகும் வயதில் அதைக் குடிக்கும் பிள்ளையின் பல்லிற் கறை படிகிறது. அது பல் துலக்காத குற்றமல்ல. வயலில் களைப்புத் தீர நாம் வெற்றிலை போடுகிறோம். புகையிலை சேராவிட்டாலும் பாக்கே புற்றுநோய்க்குக் காரணமாகும் என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 இல் வெளியிட்டது. வாயிலுள்ள வெண்படலத்தையும் ஆறாத புண்ணையும் வேளைக்கே கண்டால் உயிரைக் காக்கலாம். குறுகிய பயிற்சி பெற்ற கிராம சுகாதார ஊழியரே இவற்றைக் கண்டறிய முடியும் என 1984 இல் வெளிவந்த இலங்கை ஆய்வொன்று காட்டியது. மாணவரால் முடியாதா?

“பழகுவதற்கு எங்கள் வாய்தானா கிடைத்தது?” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. முகாம்களுக்கு வந்து கணக்கெடுத்துப் போய், பிறகு திரும்பாதவர்களை நாம் கண்டிருக்கிறோம். ஆகவே சில நிபந்தனைகள் வேண்டும். தகுதி பெற்ற பல் வைத்தியர் அருகில் நிற்க வேண்டும். செய்யப்போவதைத் தமிழில் விளக்கி, சம்மதம் கேட்க வேண்டும். மறுப்பவருக்குச் சிகிச்சை மறுக்கப்படக் கூடாது. ஒருநாள் முகாமாக அல்லாமல், குறித்த கிழமைகளில் கிளினிக் தொடர்ந்து நடக்க வேண்டும். ஒரு குழு தொடங்கியதை அடுத்த குழு முடிக்க வேண்டும்.

இவற்றைப் பிறர் நமக்காகக் கேட்க மாட்டார்கள். கிராம அபிவிருத்திச் சங்கங்களும் மாதர் சங்கங்களும் அடுத்த கூட்டத்திலேயே இதைப் பேசி, பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கும் பல்கலைக்கழகத்துக்கும் எழுத வேண்டும்.