கீழ்த்தளத்தை எழுதாத இலக்கியம்

உல்லாசக் கப்பல் வாழ்க்கையைப் பற்றிய நூற்பட்டியல் எதை எடுத்தாலும் அதன் தலைமாட்டில் டேவிட் ஃபாஸ்டர் வாலஸ் உட்கார்ந்திருக்கிறார். 1995 மார்ச்சில் கரீபியக் கடலில் ஏழு இரவுகள் பயணம் செய்துவிட்டு அவர் எழுதிய நெடுங்கட்டுரை 1996இல் ஹார்ப்பர்ஸ் இதழில் வந்தது. அடுத்த ஆண்டு நூலாயிற்று. வானத்தின் உச்சி என்று பொருள்படும் பெயர் கொண்ட கப்பலுக்கு அதலபாதாளம் என்று பெயர் மாற்றிவைத்து அவர் செய்யும் பகடியை நானும் ரசித்துச் சிரித்தவன்தான். மகத்தான கட்டுரை, மறுப்பதற்கில்லை. ஆனால் சமையற்கூடத்தையும் பணியாளர் தளங்களையும் பார்க்க அவர் அனுமதி கேட்டார் என்பதும், நிர்வாகம் மறுத்துவிட்டது என்பதும் அந்தக் கட்டுரையிலேயே இருக்கின்றன. நம் வாசகர்கள் அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பூட்டிய கதவின் மறுபக்கத்தில் நின்று எழுதப்பட்ட ஒன்றைக் கப்பலைப் பற்றிய கட்டுரை என்கிறோம். அது பயணியைப் பற்றிய கட்டுரை. துண்டை மடித்துவைக்கும் பெண்ணும் தட்டேந்தி வரும் ஆணும் அதில் வருகிறார்கள், அன்போடுதான் வரையப்பட்டிருக்கிறார்கள். ஆனால் எழுத்தாளனின் குற்றவுணர்வைக் கிளறிவிட்டு மறைவதற்காக மட்டுமே வருகிறார்கள்.

அதே கட்டுரையில் இன்னொரு செய்தியும் உண்டு. ஃபிராங்க் கான்ராய் என்ற மதிப்புக்குரிய எழுத்தாளர், கப்பல் நிறுவனத்தின் விளம்பரப் புத்தகத்துக்காகக் காசு வாங்கிக்கொண்டு பயண அனுபவம் எழுதிக்கொடுத்திருந்தார். கட்டுரை என்ற வடிவத்தை விளம்பரத்துக்கு வாடகைக்கு விடுவது வாசகனுக்குச் செய்யும் துரோகம் என்று வாலஸ் கொதிக்கிறார். நியாயமான கொதிப்பு. தமிழில் உல்லாசக் கப்பலைப் பற்றி இதுவரை வந்தவற்றில் பெரும்பகுதி, காசுகூட வாங்காமல் எழுதப்பட்ட அதே விளம்பரம்தான். 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து கார்டிலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் புறப்பட்டபோது எத்தனை நீச்சல்குளம், எத்தனை உணவகம் என்று எழுதித் தீர்த்தோம். புதுச்சேரியில் சூதாட்டக்கூடம் பற்றிச் சர்ச்சை நடந்தது. 1990இல் வேறு பெயரில் கடலில் இறங்கி முப்பதாண்டு உழைத்த கப்பல் அது என்றோ, அதன் அடித்தளத்தில் யார் படுத்துறங்குகிறார்கள் என்றோ நம் இதழ்களில் ஒருவரும் எழுதி நான் பார்க்கவில்லை.

இதைக் கடலோரத்தில் இருந்துகொண்டு சொல்லவில்லை. எங்கள் வரதராஜன்பேட்டை செம்மண்ணும் முந்திரியுமான ஊர். அலங்கார அன்னை கோவில் மணியோசை கேட்கும், அலையோசை கேட்காது. (அரியலூர்ப் பாறைகளில் கிடைக்கும் கடல்வாழ் உயிர்களின் புதைபடிவங்கள் வேறு கணக்கு; அந்தக் கடல் பின்வாங்கி ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது.) சென்ற ஆண்டு, கேட்டரிங் முடித்த தம்பி ஒருவன் வந்து, "அண்ணே, கப்பல் வேலைக்கு எழுதிப் போட்டிருக்கேன். அங்க எப்படி இருக்கும்னு தெரிஞ்சுக்கத் தமிழ்ல ஏதாவது புஸ்தகம் இருக்கா?" என்று கேட்டான். முகவர் ஒருவர் அவனிடம் லட்சக்கணக்கில் முன்பணம் கேட்டிருந்தார். கையில் வழவழப்பான விளம்பரத்தாள் மட்டும் இருந்தது. வேலைக்கு அமர்த்துவதற்காக மாலுமியிடம் கட்டணம் வாங்குவதைக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை தடைசெய்கிறது. அதை இந்தியா 2015இல் ஏற்றிருக்கிறது. இதைச் சொல்வதற்குக்கூட அவனிடம் கொடுக்க ஒரு தமிழ்ப் புத்தகம் எனக்குக் கிடைக்கவில்லை.

கடலைப் பற்றித் தமிழில் ஒன்றுமில்லையா என்று கேட்பவர்களுக்கு, ஏராளமாக இருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில் கங்கைகொண்டசோழபுரம். 2025 ஜூலையில் ஆடித் திருவாதிரையை ஒட்டி, ராஜேந்திரனின் கடாரப் படையெடுப்பின் ஆயிரமாவது ஆண்டு கொண்டாடப்பட்டது. பிரதமர் வந்தார், நாணயம் வெளியிடப்பட்டது. அலைகடலில் கலங்கள் பலவற்றைச் செலுத்தியதாக மெய்க்கீர்த்தி சொல்கிறது, வென்ற ஊர்களை ஒவ்வொன்றாக அடுக்குகிறது. துடுப்பு வலித்தவனின் பெயர் அதில் இல்லை. கல்வெட்டில் இல்லாதது குற்றமன்று, அது அரசனின் கல். அகிலனின் 'வேங்கையின் மைந்தன்', சாண்டில்யனின் 'கடல் புறா' என்று அந்தக் கல்லுக்கு உரையெழுதிய நம் நாவல்களுக்கு அந்தச் சமாதானம் பொருந்துமா? தளத்தின்மீது இளவரசனும் உபதளபதியும் நிலவொளியில் நின்று பேசிக்கொண்டே இருக்கிறார்கள். அடியில் நீர் இறைப்பவன் ஒரு வாக்கியம்கூடப் பேசுவதில்லை. பெருமிதத்தின் இலக்கியமும் பயணியின் இலக்கியம்தான்.

நவீன இலக்கியத்துக்கு வந்தாலும் நிலைமை பெரிதும் மாறிவிடவில்லை. ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யில் தொங்கான் புயலில் சிக்கும் பகுதிக்கு இணையான கடற்சித்திரம் தமிழில் அரிது. ஆனால் நாம் அதில் பார்ப்பது வணிகர்களின் பீதியை. வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' கரையின் கதை. ஜோ டி குரூஸ் மட்டும் வேறு. 'ஆழி சூழ் உலகு' கட்டுமரத்தையும், சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற 'கொற்கை' தூத்துக்குடியின் தோணித் தொழிலையும் தொழிலாகவே எழுதிக்காட்டின. பாய்மரமும் தண்டலும் சம்பளமும் சரக்கும் அங்கே உண்டு. அவர் கப்பல் துறையில் வேலை பார்த்தவர் என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும். பாய்மரத்தோடு அந்தத் தடம் நின்றுவிட்டது. நீராவிக்கும் டீசலுக்கும் நம்மிடம் நாவல் இல்லை. அரை நூற்றாண்டுக்காலம் நம் மக்களை நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சுமந்த ராஜூலா, அதன்பின் வந்து 1985 பிப்ரவரியில் தீக்கிரையான எம்.வி. சிதம்பரம் ஆகியவற்றின் இயந்திர அறையிலும் அடுக்களையிலும் வெந்தவர்களின் கதை எங்கே? வ.உ.சி.யின் கப்பல்களையே நாம் அவற்றின் முதலாளி வழியாகத்தானே அறிந்திருக்கிறோம்?

கப்பல் வேலை இலக்கியமாகாது, அது வெறும் தகவல் என்று சொல்லும் நண்பர்கள் இருக்கிறார்கள். 1929இல் ஜப்பானியர் தகிஜி கோபயாஷி எழுதிய 'நண்டுக் கப்பல்' நாவலை அவர்கள் படிக்கவேண்டும். நண்டைப் பிடித்துக் கப்பலிலேயே டப்பாவில் அடைக்கும் மிதக்கும் ஆலை அது. ஆலை என்பதால் கப்பல் சட்டம் செல்லாது, கப்பல் என்பதால் ஆலைச் சட்டம் செல்லாது. இந்த ஓர் ஓட்டையில் மனிதர்கள் எப்படி நசுக்கப்படுகிறார்கள் என்பதே நாவல். ஆசிரியர் 1933இல் காவல்துறையின் சித்திரவதையில் இறந்தார். 2008இல் ஒப்பந்த வேலையில் அல்லாடிய ஜப்பானிய இளைஞர்கள் அதை மீண்டும் தேடி வாங்கினார்கள், லட்சக்கணக்கில் விற்றது. பி. டிரேவனின் 'மரணக் கப்பல்' (1926) இன்னும் கொடியது: கையிலிருந்த காகிதம் தொலைந்த ஒரே காரணத்தால் எந்த நாட்டுக்கும் உரியவனல்லாமல் போகும் மாலுமி, மூழ்கடிக்கப்படவிருக்கும் கப்பலில் கரியள்ளுகிறான். இன்று உல்லாசக் கப்பல்களில் பல பஹாமஸ் கொடியோ பனாமா கொடியோ ஏற்றிக்கொண்டுதான் ஓடுகின்றன. கொடி எந்த நாட்டுடையதோ சட்டமும் அந்த நாட்டுடையது. அந்தச் சட்டத்துக்கு அளவுகோலாக இருக்கும் உடன்படிக்கை வாரத்துக்கு 77 மணி நேர ஓய்வைக் கட்டாயமாக்குகிறது. மீதியைக் கழித்துப் பாருங்கள்: 91 மணி நேரம் வேலை வாங்கலாம், அது குற்றமாகாது.

அமிதவ் கோஷின் ஐபிஸ் வரிசை நாவல்கள் லஸ்கர்களுக்கு மொழியைத் திருப்பிக் கொடுத்தன. நம் கரையின் 'தண்டல்' அங்கே 'டின்டல்' ஆக நடமாடுகிறான். நாமோ அந்தச் சொல்லைக் கையில் வைத்துக்கொண்டே எழுதாமலிருந்தோம். உல்லாசக் கப்பலுக்குள்ளிருந்து எழுதப்பட்டதென்றால் பிரையன் டேவிட் பிரன்ஸ் எழுதிய 'குரூஸ் கான்ஃபிடென்ஷியல்' (2008) உண்டு. உணவகப் பணியாளராக வேலை பார்த்த அமெரிக்கர். நகைச்சுவை சில இடங்களில் சலிப்பூட்டும். ஆனால் சொற்பச் சம்பளம், டிப்ஸை நம்பிய பிழைப்பு, தூக்கமற்ற மாதங்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. வாலஸுக்குப் பூட்டிய கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் இவர். இலக்கியத் தரம் குறைவு என்று ஒதுக்குகிறவர்கள் இந்த ஒரு காரணத்துக்காகவாவது படிக்கலாம்.

2020 பிப்ரவரியில் யோகோஹாமாவில் டயமண்ட் பிரின்சஸ் தனிமைப்படுத்தப்பட்டபோது அதில் 3,711 பேர் இருந்தனர். 712 பேருக்குத் தொற்று கண்டது. பயணிகள் அறைக்குள் இருத்தப்பட்டார்கள். பணியாளர்கள் அவர்களுக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து, பலர் ஒன்றாகச் சாப்பிட்டு, பங்கிட்ட அறைகளில் படுத்தார்கள். இந்தியப் பணியாளர்கள் மட்டும் 132 பேர். அவர்களில் தமிழ் பேசியவர்களும் உண்டு. உதவி கேட்டுக் கைப்பேசியில் அவர்கள் பதிவுசெய்த காணொளிகளை நாமெல்லாரும் பார்த்தோம். எந்தச் சிற்றிதழாவது அவர்களில் ஒருவரை உட்காரவைத்து, அந்த நாட்களைச் சொல்லச் சொல்லி இருபது பக்கம் வெளியிட்டதா? கவிஞர்களிடம் ஊரடங்குக் கவிதை கேட்டு வாங்கிப் போட்டோம்.

அவர்கள் எழுத்தாளர்கள் இல்லையே என்ற பதில் வேண்டாம். வால்பாறைத் தேயிலைத் தொழிலாளர்களும் எழுத்தாளர்கள் இல்லை. அங்கே மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் அவர்கள் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டார். 1969இல் ஆங்கிலத்தில் 'ரெட் டீ' எழுதினார். இரா. முருகவேள் 2007இல் அதை 'எரியும் பனிக்காடு' ஆக்கினார். ஒருவர் கேட்டார், ஒருவர் மொழிபெயர்த்தார், இன்று தேயிலைக் காட்டைப் பற்றிப் பேச நமக்கு ஒரு நாவல் இருக்கிறது. கப்பலில் ஆறேழு மாத ஒப்பந்தம் முடித்து ஊர் திரும்புகிறவர்கள் தூத்துக்குடியில் இருக்கிறார்கள், குமரியில் இருக்கிறார்கள், எங்கள் பக்கத்துத் தம்பியும் ஒருநாள் அப்படித் திரும்பக்கூடும். அடுத்த கப்பல் வரும்வரை அவர்கள் வீட்டில்தான் இருப்பார்கள். சோழர் கடற்படைச் சிறப்பிதழுக்கு ஒதுக்கிய பக்கங்களில் பாதியை ஒதுக்கி, ஓர் ஒலிப்பதிவுக் கருவியுடன் அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்காரச் சிற்றிதழ் ஆசிரியர்களில் எவர் தயார்?