எம்-புக் யார் கையில்?

சிவில் முடித்த நம் பிள்ளைகள் வந்து கேட்பது ஒரே கேள்விதான். “அண்ணே, இந்தப் படிப்புக்கு என்னண்ணே வேலை கெடைக்கும்?” கேட்கிறவர்களில் பலருக்கு அம்மா சித்தாள், அப்பா ரோட்டுக்கு ஜல்லி கொட்டியவர். மண்ணும் கல்லும் நமக்குப் புதுசில்லை. சுமந்தது நாம். சுமந்ததை அளந்து எம்-புக்கில் எழுதியவன் வேறொருவன். பில் போட்டுப் பணம் எடுத்தவன் மூன்றாமவன். இந்த இடத்திலிருந்துதான் நான் சிவில் படிப்பைப் பார்க்கிறேன்.

அரசு வேலையை விட்டுவிடாதீர்கள். டி.என்.பி.எஸ்.சி. பொறியியல் தேர்வு எழுதினால் பொதுப்பணி, நெடுஞ்சாலைத் துறைகளில் உதவிப் பொறியாளர் ஆகலாம். பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு. 2009 முதல் அதற்குள் அருந்ததியருக்கு 3. பழங்குடியினருக்கு 1. மத்திய அரசில் யு.பி.எஸ்.சி.யின் பொறியியல் பணித் தேர்வும், எஸ்.எஸ்.சி.யின் ஜூனியர் இன்ஜினியர் தேர்வும் உண்டு. கேட் எழுதினால் உதவித்தொகையோடு எம்.டெக். படிக்கலாம்; அந்த மதிப்பெண்ணை வைத்தே ஆளெடுக்கும் பொதுத்துறை நிறுவனங்களும் இருக்கின்றன. ஆனால் ஒன்று: இடத்தை நிரப்பினால்தான் ஒதுக்கீடு. நிரப்பாமலே போட்டு வைத்து, வேலையைக் கான்ட்ராக்டில் விட்டால், 18 விழுக்காடு என்பது எதில் 18? தேர்வுக்குப் படிக்கிற பிள்ளை காலியிடத்துக்காகப் போராடவும் வேண்டும்.

தனியாரில் ஒதுக்கீடு இல்லை. “எந்த ஊரு, எந்தத் தெரு?” என்ற கேள்வி மட்டும் உண்டு. சில சைட்டுகளில் புது இன்ஜினியர் சம்பளம் கொத்தனார் கூலியை எட்டாது. அங்கே போனால் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்காதே. எஸ்டிமேட், கம்பி அளவு, பில்லிங் கத்துக்கோ. கணக்குத் தெரிந்தவனை லேசில் ஏமாற்ற முடியாது.

மூன்றாவது வழி கான்ட்ராக்ட். நமக்கு அறிவு குறைவில்லை. டெண்டருக்குக் கட்டும் முன்பணம்தான் இல்லை. அதற்கும் வழி காட்டியிருக்கிறது கர்நாடகம். 50 லட்சம் வரையிலான அரசுக் கட்டுமான வேலைகளில் பட்டியல் சாதி, பழங்குடிகளுக்கு 24.1 விழுக்காடு ஒதுக்கிச் சட்டத்தைத் திருத்தியது. 2023-இல் வரம்பை ஒரு கோடியாக்கியது. வேலையில் மட்டுமல்ல, டெண்டரிலும் பங்கு கேட்கலாம் என்பதற்கு இது சாட்சி.

1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையோடு நீர்ப்பாசனத்தையும் மின்சாரத்தையும் கவனித்தவர் அண்ணல் அம்பேத்கர். தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டம் உருவானதில் அவர் பங்கு பெரிது. இன்றைய மத்திய நீர் ஆணையத்தின் தொடக்கம் 1945. அதுவும் அவர் காலம்தான். அணையை யார் கட்டுவது, தண்ணீர் யாருக்கு என்பது அரசியல் என்று அவருக்குத் தெரியும்.

2013-இல் சட்டம் போட்டுத் தடை செய்த பிறகும் சாக்கடைக் குழிக்குள் இறங்கிச் சாகிறவன் நம்மவன். அந்தக் குழிக்கு டிராயிங் போடுகிறவனும் ஒரு சிவில் இன்ஜினியர்தான். ஊர்த்தெருவோடு நின்றுபோகும் ரோட்டுக்கு எஸ்டிமேட் போடுகிறவனும் அவனே. அந்த நாற்காலியில் நம் பிள்ளை உட்காரட்டும். உட்கார்ந்தபின் சேரியை மறக்காமல் இருக்கட்டும். வேலை தேடுங்கள் தோழர்களே, எம்-புக்கையும் சேர்த்தே தேடுங்கள்.