வாணியனுக்குக் கொடுக்கும் பணம்

“வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு” என்பது நம் நாட்டுப் பழமொழி. நல்ல எண்ணெய்க்குச் செலவிட்டால் மருந்துச் செலவு குறையும் என்பது அதன் கருத்து. ஆனால், வாணியனுக்குக் கொடுத்த பணத்துக்கு நல்ல எண்ணெய்தான் வந்ததா என்று பார்ப்பது யார் பொறுப்பு? அது நம் பொறுப்பே என்பது என் கட்சி. பட்டுத் தெரிந்துகொண்டவன் சொல்கிறேன்.

சென்ற பொங்கலுக்கு ஊர் புறப்படுமுன், டில்லியில் ஒரு பெரிய கடையில் ஆலிவ் எண்ணெய் ஒரு லிட்டர் வாங்கினேன். தந்தையாருக்கு இதய நோய். ஆலிவ் எண்ணெய் இதயத்துக்கு நல்லதென்று பலரும் சொல்லக் கேட்டிருந்தேன். பக்கத்திலிருந்த புட்டியின் விலையில் இது பாதிதான். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அப்பா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு புட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஆலிவ் என்று பெரிதாகப் போட்டிருக்கிறது. கீழே சின்ன எழுத்தில் ‘போமஸ்’ என்றிருக்கிறதே, அது என்னப்பா?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அகராதியைப் பார்த்தேன். பிழிந்த சக்கை என்றிருந்தது.

விஷயம் இதுதான். ஆலிவ் காயை அரைத்து, இரசாயனம் சேர்க்காமல், இயந்திரத்தால் மட்டும் பிரித்தெடுக்கும் முதல்தர எண்ணெய்க்கு ‘எக்ஸ்ட்ரா வர்ஜின்’ என்று பெயர். அதில் அமிலத்தன்மை 0.8 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது. எஞ்சிய பிண்ணாக்கைக் கரைப்பானில் ஊறவைத்து எடுத்து, சுத்திகரித்து, கொஞ்சம் நல்ல எண்ணெய் கலந்து விற்பது ‘போமஸ்’. ‘லைட்’ என்பது நிறமும் சுவையும் குறைந்தது, கொழுப்பு குறைந்ததன்று.

போமஸ் விஷமன்று; சட்டப்படி விற்கும் பண்டமே. அப்பளம் பொரிக்கலாம், எங்கள் வீட்டில் அப்படித்தான் தீர்ந்தது. ஆனால், ஸ்பெயின் நாட்டில் நடந்து 2013-இல் வெளியாகி, குறைகள் திருத்தப்பட்டு 2018-இல் மீண்டும் வெளிவந்த பெரிய ஆய்வில் இதய நோய் வரும் அபாயம் மிகுந்தவருக்கு நன்மை தரக்கூடியதாகச் சொல்லப்பட்ட எண்ணெய் எக்ஸ்ட்ரா வர்ஜின். அதுவும் காய்கறி, பருப்பு, மீன் நிறைந்த உணவோடு சேர்ந்து. அந்தப் புகழை வைத்து இந்தப் பிண்ணாக்கு எண்ணெய் விலை போகிறது.

அப்படியானால் எப்படி வாங்குவது? முன்பக்கத்துப் படத்தை விட்டுப் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படியுங்கள். கறுத்த கண்ணாடிப் புட்டியில், வெளிச்சம் படாத தட்டில் இருப்பதை எடுங்கள். தேதி பார்த்துச் சிறிய புட்டியாக வாங்குங்கள். நல்ல எண்ணெயில் பச்சை வாசனை இருக்கும். விழுங்கினால் தொண்டையில் மிளகுபோல் காறும். குளிர்பெட்டியில் வைத்து உறைந்தால் அசல் என்பதை நம்பாதீர்கள். அது சோதனையே அன்று.

“ஆலிவே எதற்கு? நல்லெண்ணெய் போதாதா?” என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. விடுதி அறையில் சமைக்கும் மாணவனுக்குப் போதும் என்றே நானும் சொல்வேன். எள் நெய் என்பதுதானே எண்ணெய் என்ற சொல்லாயிற்று! ஆனால் அங்கும் கண் வேண்டும். நல்லெண்ணெய்க்குப் பக்கத்திலேயே, பாதி விலையில், தீப எண்ணெய் அடுக்கி வைத்திருக்கிறார்கள். விளக்குக்கு மட்டும் என்று ஒரு மூலையில் எழுதியிருக்கும். தோசைக்கு அதை வாங்கிவந்தவர் நம்மிலேயே உண்டு.

மலிவென்று சில்லறையாக அளந்து ஊற்றும் எண்ணெய் பக்கம் போகவே வேண்டாம். 1998-இல் இதே டில்லியில், பிரமதண்டு விதையின் எண்ணெய் கலந்த கடுகெண்ணெயை உண்டு சுமார் 60 பேர் மாண்டார்கள். முத்திரையிட்ட டின்னில், உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஐந்து அறையினர் கூடிப் பெரிய டின்னாக வாங்கினால் நல்ல சரக்கும் கட்டுப்படியாகும். நம் சங்கமே இதை முன்னின்று செய்யலாகாதா?

நூல்களைப் படிக்க வந்திருக்கிறோம். ஒரு புட்டியின் சீட்டையும் படிப்போமே. அப்பா என்னைக் கோபிக்கவில்லை. “பரவாயில்லை, நினைத்து வாங்கி வந்தாயே” என்றார். அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.