அணிக்கு ஆனந்த் என்ன செய்தார்?

உலகத்தில் தீர்ப்பே சொல்ல முடியாத வழக்குகள் சில உண்டு. ரசத்துக்குப் பருப்பு வேண்டுமா, வேண்டாமா என்பது ஒன்று. பிறந்த குழந்தை யார் ஜாடை என்பது இன்னொன்று. மூன்றாவது, விளையாட்டு ரசிகர்களின் வழக்கு: "அந்தப் பெரிய ஆட்டக்காரர் தம் அணிக்கு அப்படி என்னதான் செய்துவிட்டார்?"

முதல் இரண்டையும் நேயர்களிடமே விட்டுவிடுகிறேன். அவற்றில் தலையிட்டு யாரும் உருப்பட்டதில்லை. மூன்றாவதை மட்டும் இந்த வாரம் விசாரித்துப் பார்ப்போம். வழக்கு பிறந்த இடம் ரொம்ப தூரத்தில் இல்லை; செங்கற்பட்டு மாவட்டத்து மாமல்லபுரம்தான். கூண்டில் நிற்பவர் விசுவநாதன் ஆனந்த்.

2022-ஆம் வருஷம் ஜூலைக் கடைசியில் தொடங்கி ஆகஸ்டு 10 வரையில், மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் 44-வது செஸ் ஒலிம்பியாட் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ருஷ்யாவில் நடந்திருக்க வேண்டிய போட்டி அது. உக்ரைன் யுத்தத்தினால் இடம் மாறி, நாலே மாத அவகாசத்தில் நம் கடற்கரைக்கு வந்து சேர்ந்தது. சென்னையில் நேப்பியர் பாலத்துக்குக் கறுப்பும் வெளுப்புமாகக் கட்டம் போட்டார்கள். 'தம்பி' என்று பெயர் சூட்டிய வேஷ்டி கட்டிய குதிரை, கை கூப்பிக்கொண்டு தெருவில் நின்றது. பல்லவர் செதுக்கிய யானைகளைப் பார்க்க வந்தவர்கள், பலகைமேல் நகரும் யானை குதிரைகளையும் பார்த்துவிட்டுப் போனார்கள்.

இவ்வளவு கோலாகலத்தில் ஒரு குறை. இந்தியா அந்தப் போட்டியில் ஆண்கள் பிரிவுக்கு மூன்று அணிகளை இறக்கியது. மூன்றிலும் ஆனந்த் இல்லை!

ஓய்வு பெற்றுவிட்டாரா? இல்லை. இடம் கிடைக்கவில்லையா? அதுவும் இல்லை. அன்றைய தரவரிசைப் பட்டியலில் இந்தியாவின் முதல் ஆட்டக்காரர் அவரேதான். வயது 52. அதே வருஷம் ஜூன் மாதம் முடிந்த நார்வே போட்டியில் மூன்றாவதாக வந்திருந்தார். அப்படியிருந்தும் இளைஞர்கள் ஆடட்டும் என்று தாமாக ஒதுங்கிக்கொண்டு, அணிகளுக்கு ஆலோசகராக இருந்தார்.

அன்று பிறந்த வழக்கு இன்னும் ஓயவில்லை. செங்கற்பட்டிலிருந்து கடற்கரைக்குப் போகும் மின்சார ரயிலில் செஸ் பேச்சு எடுத்துப் பாருங்கள். தாம்பரம் வருவதற்குள் பெட்டி இரண்டு கட்சியாகிவிடும். நம் சௌகரியத்துக்காக அதை ஒரு வீட்டுக் கூடத்தில் நடப்பதாக வைத்துக்கொள்வோம். வாதி, தலைதீபாவளிக்கு வந்திருக்கும் மாப்பிள்ளை. ஆனந்துக்காக வாதாடுபவர் மாமா. மாப்பிள்ளையை எதிர்த்துப் பேசுவதென்றால் மாமாவுக்கு நாக்கு ஒரு சுற்றுக் குழறும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

விவாதத்துக்கு முன்னால் ஒரு விளக்கம். செஸ் என்றால் இருவர் மட்டும் உட்கார்ந்து ஆடுவது என்றுதான் நமக்குத் தெரியும். ஒலிம்பியாட் அப்படியல்ல. ஒரு தேசத்துக்கு நாலு பேர், நாலு பலகை. ஐந்தாவது ஆள் மாற்று. நாலு பலகையிலும் கிடைக்கும் புள்ளிகளைக் கூட்டி, அதிகம் பெற்ற அணி அந்தச் சுற்றில் ஜயித்ததாகக் கணக்கு. இப்படிப் பதினோரு சுற்றுக்கள். ஒருவர் எவ்வளவு பெரிய சூரராயிருந்தாலும் மற்ற மூவரும் கைவிட்டால் போயிற்று!

மாப்பிள்ளை ஆரம்பிக்கிறார்: "மாமா, நீங்க கோவிச்சுக்கக் கூடாது. 2006-ல் இத்தாலியில் டூரினில் அணிக்காக ஆடினார். அடுத்து ஒலிம்பியாடில் ஆடியது எப்போ? 2018-ல், ஜார்ஜியாவில் பாட்டுமியில். நடுவில் பன்னிரண்டு வருஷம் எங்கே போயிருந்தார்? 2014-ல் நார்வேயில் டிராம்சோ நகரத்தில் நம் ஆண்கள் அணி முதன்முதலாக வெண்கலம் வாங்கியது. அந்த அணியிலாவது இருந்தாரா? இல்லையே! சசிகிரண், சேதுராமன், அதிபன், நெகி, லலித் பாபு, இவர்கள் வாங்கிக் கொடுத்தது."

மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு பஞ்சாங்கத்தைப் பிரிப்பதுபோல வருஷங்களை அடுக்குகிறார். ஒலிம்பியாட் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை வருவது. 2008-ல் ஒலிம்பியாட், அதே வருஷம் ஆனந்துக்குக் கிராம்னிக்குடன் உலகப் பட்டப் போட்டி. 2010-ல் ஒலிம்பியாட், அதே வருஷம் டோபலோவுடன். 2012-ல் கெல்ஃபாண்டுடன். 2014-ல், முந்தின வருஷம் சென்னையிலேயே தம்மிடமிருந்து பட்டத்தைப் பறித்த கார்ல்சனுடன் மறுபடியும். நாலு ஒலிம்பியாடுக்கும் நாலு பட்டப் போட்டிகள்!

"ஒவ்வொன்றுக்கும் மாதக்கணக்கில் தயாரிப்பு வேணும், மாப்பிள்ளை. முகூர்த்தம் வைத்த வீட்டில் பெண்ணைப் பெற்றவரைக் கூப்பிட்டு, அடுத்த ஊர்க் கல்யாணத்தில் வந்து பந்தி பரிமாறு என்று சொல்லலாமோ?"

இது நல்ல அடிதான். ஆனால் மாப்பிள்ளை அயர்ந்துவிடவில்லை.

"சரி, 2016-ல் எந்த முகூர்த்தம்? பாக்கு நகரத்து ஒலிம்பியாடில் நம் அணி நாலாவதாக வந்தது. அவரும் இருந்திருந்தால் ஒரு பதக்கம் வந்திருக்காதா? அதை விடுங்கள். மாமல்லபுரத்துக்கு நார்வேயிலிருந்து கார்ல்சன் வந்து தம் தேசத்துக்காக ஆடினாரே! நம்மவர் வீடு சென்னையில். கூப்பிடு தூரத்தில் இருந்துகொண்டு ஆடவில்லை. போட்டி நடக்கும்போதே உலக செஸ் சம்மேளனத்தின் துணைத் தலைவராகத் தேர்தலில் ஜயித்துப் பதவி வாங்கிக்கொண்டார்!"

மாமா பத்திரிகையை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்கிறார். இந்தச் சமயத்தில் சமையலறையிலிருந்து அத்தையின் குரல் வருகிறது. மாப்பிள்ளைக்கு இப்படி ஒரு சாட்சி கிடைப்பார் என்று அவரே எதிர்பார்க்கவில்லை.

"அந்த ஹரிகா பெண் நிறைமாதக் கர்ப்பிணியாக வந்து உட்கார்ந்து ஆடினாளே, அதைச் சொல்லுங்கள் மாப்பிள்ளை!"

சகோதரிகளே, அத்தை சொல்வது வாஸ்தவம். துரோணவல்லி ஹரிகா தம்முடைய பதின்மூன்றாவது வயதில், 2004-ல், முதல் ஒலிம்பியாடில் ஆடியவர். பதினெட்டு வருஷம் காத்திருந்தும் ஒலிம்பியாட் மேடையில் பதக்கம் கிட்டவில்லை. 2022-ல் ஏறக்குறைய ஒன்பதாவது மாதத்தில் பூஞ்சேரிக்கு வந்து, ஹம்பி, வைஷாலி, தானியா, பக்தி ஆகியோரோடு பெண்கள் அணியில் ஆடினார். கடைசிச் சுற்றுவரை நம் பெண்கள்தான் முன்னணியில் நின்றார்கள். அந்தச் சுற்றில் அமெரிக்காவிடம் தோற்றதால் தங்கம் கை நழுவி வெண்கலமாயிற்று. அந்த மாதமே ஹரிகாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அணிக்கு உழைப்பதென்றால் இதுவல்லவா உழைப்பு என்று அத்தை கேட்பதில் என்ன தவறு?

ஆக, மாமா கட்சி தோற்றுவிட்டதாக எழுந்துவிடாதீர்கள். சாட்சியங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் கார்ல்சன். அவர் தம் பலகையில் நன்றாகவே ஆடினார். முதல் பலகைக்காரர்களில் மூன்றாவதாக வந்து வெண்கலமும் பெற்றார். ஆனால் பலத்தில் மூன்றாவது அணியாகக் கருதப்பட்ட நார்வே, முதல் ஐம்பது இடங்களுக்குள்கூட வரவில்லை. தங்கத்தைக் கொண்டுபோனது உஸ்பெகிஸ்தான். பெரும்பாலும் இளம் பிள்ளைகள் கொண்ட அணி. ஒரே தூணை நம்பி மண்டபம் கட்ட முடியாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

அடுத்து 2016. இதற்கு நான் சமாதானம் சொல்லப் போவதில்லை. அந்தக் கேள்வி நியாயமான கேள்வி. ஆனந்தின் பெருமையில் அதனால் ஒன்றும் குறைந்துவிடாது. ஆனால் அதை மூடி மறைப்பதால் கூடிவிடவும் கூடாது. பதக்கங்களை மட்டும் வைத்துக் கணக்குப் பார்த்தால், ஒலிம்பியாட் அரங்கில் நம் அணிக்கும் ஆனந்துக்கும் உள்ள பற்று வரவு அவருடைய ஐந்து உலகப் பட்டங்களுக்குச் சமமாக இல்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் மாப்பிள்ளையின் கணக்குப் புத்தகத்தில் ஒரு பக்கம் விட்டுப்போயிருக்கிறது. அது 2020-ஆம் வருஷத்துப் பக்கம்.

அந்த வருஷம் டிசம்பரில் ஆனந்த் இளைஞர்களுக்காக ஒரு பயிற்சிக் கழகம் தொடங்கினார். முதலில் சேர்த்துக்கொண்டது ஐந்தே பேரை: குகேஷ், பிரக்ஞானந்தா, நிஹால் சரின், ரௌனக் சாத்வானி, வைஷாலி. பாடம் சொல்ல வந்தவர்களில் ஒருவர் போரிஸ் கெல்ஃபாண்ட். 2012-ல் மாஸ்கோவில் ஆனந்திடம் தோற்றாரே, அதே கெல்ஃபாண்ட்! தம்மை எதிர்த்து ஆடியவரையே அழைத்து வந்து நம் பிள்ளைகளுக்கு வாத்தியாராக்கினார்.

இப்போது பூஞ்சேரிக்கு வாருங்கள். ஆண்கள் பிரிவில் வெண்கலம் வாங்கியது நம் முதல் அணி அல்ல, இரண்டாவது அணி. முதல் அணி நாலாவதாக வந்தது. அந்த இரண்டாவது அணியில் யார் யார்? குகேஷ், பிரக்ஞானந்தா, நிஹால், ரௌனக், இவர்களோடு அதிபன். ஐந்தில் நாலு பேர் அந்தக் கழகத்தின் முதல் வகுப்புப் பிள்ளைகள். ஐந்தாவதான வைஷாலி, ஹரிகாவின் பக்கத்துப் பலகையில்!

குகேஷுக்கு அப்போது வயது 16. முதல் எட்டுச் சுற்றிலும் வரிசையாக ஜயித்தான். எட்டாவது சுற்றில் மண்ணைக் கவ்வியவர் அமெரிக்காவின் கருவானா. பத்தாவது சுற்றில் உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தாரோவுடன் நல்ல நிலையில் இருந்தவன் தடுமாறித் தோற்றான். தங்கமும் அத்தோடு தூரப் போயிற்று. ஆனந்த் ஆடியிருந்தால் தங்கம் கிடைத்திருக்குமோ என்னவோ, அதை யாராலும் சொல்ல முடியாது. ஆனால் ஒன்று சொல்லலாம். அவர் முதல் அணியில் உட்கார்ந்திருந்தால் அங்கிருந்து ஒருவர் இரண்டாவது அணிக்கு இறங்கியிருப்பார். அங்கிருந்து ஒரு பிள்ளை இன்னும் கீழே போயிருப்பான். நாற்காலி என்னவோ எண்ணி வைத்ததுதானே!

தமக்கும் அப்படி யாரோ வழி விட்டவர்கள் உண்டு என்பது ஆனந்துக்குத் தெரியாதா? அவருக்குச் செஸ் சொல்லிக்கொடுத்தது அவருடைய தாயார் சுசீலா. தகப்பனார் உத்தியோகத்துக்காகக் குடும்பம் மணிலாவில் இருந்தபோது, பகல் வேளையில் டெலிவிஷனில் செஸ் புதிர் போடுவார்கள். பையன் பள்ளிக்கூடத்தில் இருப்பான். தாயார் புதிரைக் குறித்துவைத்துக்கொண்டு, அவன் திரும்பியதும் இருவருமாக விடை கண்டு அனுப்புவார்கள். பரிசு ஒரு புத்தகம். இப்படிப் பரிசு வாங்கிக்கொண்டேயிருந்ததால், வேண்டிய புத்தகங்களை மொத்தமாக எடுத்துக்கொள், இனிமேல் விடை அனுப்பாதே என்று சொல்லிவிட்டார்களாம்! சென்னையில் அவர் ஆடிப் பழகிய தால் செஸ் கிளப்பை வளர்த்தவர் மானுவல் ஆரன். 1961-ல் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டரானவர். அந்தப் படியில் ஏறித்தான் ஆனந்த் 1988-ல் முதல் கிராண்ட்மாஸ்டரானார். இப்போது நம் தேசத்துக் கிராண்ட்மாஸ்டர்களின் எண்ணிக்கை எண்பதைத் தாண்டிவிட்டது.

இதையெல்லாம் ஆனந்த் ஒருவரே செய்தார் என்று சொன்னால் அது அநியாயம். பிரக்ஞானந்தாவையும் வைஷாலியையும் வளர்த்த குரு ஆர்.பி. ரமேஷ். போகும் ஊரிலெல்லாம் அவர்களுக்கு ரசம் சாதம் வைத்துக்கொடுத்துவிட்டு, அரங்கத்தின் ஓரத்தில் காத்திருந்தவர் தாயார் நாகலட்சுமி. பல கைகள் சேர்ந்து தூக்கிய பல்லக்கு இது.

இனிமேல் அத்தையின் கேள்விக்கு வருகிறேன். ஹரிகா அந்த நிலையிலும் உட்கார்ந்தார். ஆனந்த் நல்ல தேக சௌக்கியத்தோடு எழுந்துவிட்டார். இரண்டில் எது உயர்ந்தது?

சகோதரிகளே, சாவிக்கொத்து விஷயத்தில் நம் வீடுகளில் நடப்பதை யோசித்துப் பாருங்கள். முழங்காலில் வலி கண்டு, மாடிப்படி ஏற முடியாமல் போனபிறகு, "இந்தா, இனிமேல் நீயே பார்த்துக்கொள்" என்று மருமகளிடம் சாவியைக் கொடுக்கிற மாமியார் இருக்கிறார். அது கொடுத்ததல்ல, கை தளர்ந்ததால் நழுவியது. நன்றாக ஓடியாடிக்கொண்டிருக்கும்போதே கொடுத்துவிட்டு, மருமகள் பாலைப் பொங்கவிட்டால்கூட ஒரு வார்த்தை பேசாமல் பக்கத்தில் நிற்கிற மாமியாரும் இருக்கிறார். அப்படிப்பட்டவர் தெருவுக்கு ஒருவர் அகப்பட்டால் அதிகம்.

ஆனந்த் நாற்காலியை விட்டபோது அவரை எழுந்திரு என்று சொல்ல யாருக்கும் தைரியமில்லை, காரணமும் இல்லை. பட்டியலில் அவரைக் குகேஷ் தாண்டியது அதற்கு ஒரு வருஷம் கழித்து, 2023 செப்டம்பரில்தான். 37 வருஷமாக இந்தியாவின் முதல் இடத்தில் நின்ற பெயர் அன்றுதான் இரண்டாவதாயிற்று. 2024 செப்டம்பரில் புடாபெஸ்ட் ஒலிம்பியாடில் நம் ஆண்களும் பெண்களும் இரண்டு தங்கத்தையும் வாங்கினார்கள். பெண்கள் அணியில் ஹரிகாவும் இருந்தார் என்பதை அத்தையிடம் சொல்லிவிடுங்கள். டிசம்பரில் சிங்கப்பூரில் 18 வயதுக் குகேஷ் உலகப் பட்டமும் பெற்றான்.

பதினெட்டு வருஷம் காத்திருந்த ஹரிகா உட்கார்ந்தது அணிக்காக. பலமுறை பட்டம் சூடியவர் எழுந்ததும் அணிக்காகத்தான். அவரவர் கையில் இருந்ததை அவரவர் கொடுத்தார்கள். இதில் ஒன்றை வைத்து இன்னொன்றை எடை போடுவானேன்?

என் அபிப்பிராயம் இதுதான்: பதக்கத்தை எண்ணினால் மாப்பிள்ளை ஜயிக்கிறார், பிள்ளைகளை எண்ணினால் மாமா ஜயிக்கிறார். எனக்குப் பிள்ளைகளை எண்ணத்தான் பிடிக்கிறது. மாப்பிள்ளையோ 2016-ஐ விடமாட்டார். விடவும் வேண்டாம்! மறந்துபோனவரைப் பற்றி யார் சண்டை போடுகிறார்கள்? ரயில் தாம்பரம் தாண்டிய பிறகும் ஒருவரைப் பற்றி வாதம் நடக்கிறதென்றால், அவர் ஏதோ வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்.