ரவிக்கையும் சிகிச்சையின் அங்கமே

ஸ்தனத்தில் புற்றுநோய் கண்டு சஸ்திர சிகிச்சை செய்துகொண்ட ஸ்திரீகள் பின்பு எதை உடுத்துவது என்ற விஷயம் தலையங்கத்துக்கு ஏற்றதுதானா என்று நமது நேயர்களில் சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். 2022-ம் வருஷத்தில் மட்டும் இந்தியாவில் ஏறத்தாழ 1,92,000 ஸ்திரீகளுக்கு இந்நோய் புதிதாய்க் கண்டதாக சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி ஸ்தாபனம் மதிப்பிட்டிருக்கிறது. இத்தனை குடும்பங்களைத் தொடும் காரியத்தைப் பேசக் கூசுகிறவர்கள் ஜன சேவையைப் பற்றி மேடையேறிப் பேசி ஆவதென்ன?

உயிர் பிழைத்தது போதாதா, உடையைப் பற்றி என்ன கவலை என்று கேட்பது சுலபம். கேட்பவர் பெரும்பாலும் ஆண்மக்களே. ஒரு பக்கத்து ஸ்தனம் முழுவதும் நீக்கப்பட்டால் உடலின் பாரம் சமநிலை இழக்கிறது. தோளும் கழுத்தும் முதுகும் நோகின்றன. அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்களையும் எடுத்துவிட்டால் சிலருக்குக் கை வீங்குகிறது. இது மாதங்கள் கழித்தும் வரும், வருஷங்கள் கழித்தும் வரும். அப்போது நமது ஸ்திரீகள் அணியும் இறுகிய ரவிக்கைக் கை அவர்களுக்கு விலங்காகிறது. தழும்பின்மேல் தையல் உராய்கிறது. சிலிகானால் செய்த செயற்கை உறுப்பை அணிந்தால் நமது கோடையில் அதனடியில் வியர்வை தேங்குகிறது. கடைசியில் அந்த அம்மாள் கல்யாணத்துக்குப் போவதில்லை, கோயிலுக்குப் போவதில்லை, வேலையையும் விட்டுவிடுகிறாள். ஆஸ்பத்திரிக் கணக்கிலோ அவள் குணமடைந்தவள்.

அமெரிக்காவில் தெரேஸ் லாஸர் என்ற அம்மையார் தமக்கு இச்சிகிச்சை நடந்தபின், உடையைப் பற்றியும் கைப் பயிற்சியைப் பற்றியும் சொல்லித்தர ஒருவருமில்லாததைக் கண்டு, 1952-ல் தாமே நோயாளிகளைப் பார்க்கப் புறப்பட்டார். அவர் தொடங்கியதே ‘ரீச் டு ரிகவரி’ என்னும் இயக்கம். 1998-ல் அத்தேசத்து காங்கிரஸ் ஒரு சட்டம் செய்தது. ஸ்தன நீக்கத்துக்குப் பணம் கொடுக்கும் இன்ஷூரன்ஸ் திட்டம், புனரமைப்புக்கும், செயற்கை உறுப்புக்கும், கை வீக்கத்தின் சிகிச்சைக்கும் பணம் கொடுத்தாக வேண்டும் என்பது அதன் சாரம். இன்ஷூரன்ஸே இல்லாத ஏழைக்கு அச்சட்டத்தால் பயனில்லை என்பது வேறு விஷயம். பிரிட்டனில் சர்க்கார் சுகாதார சேவையே செயற்கை உறுப்பை இலவசமாய் அளிக்கிறது.

ஆயினும் இதில் ஒரு அபாயமுண்டு. கறுப்பின கவிஞர் ஆட்ரி லார்ட் என்பவருக்கு 1978-ல் ஒரு ஸ்தனம் நீக்கப்பட்டது. அவரிடம் கொடுக்கப்பட்ட பஞ்சு உறுப்பு வெள்ளைக்காரர் தோலின் நிறத்திலிருந்தது! அதை அணியாமல் வைத்தியரிடம் சென்றபோது, அணிந்து வராவிட்டால் ஆபீஸின் மனோதைரியம் குன்றும் என்று அங்கிருந்த நர்ஸ் கடிந்துகொண்டாள். 1980-ல் வெளியிட்ட நூலில் லார்ட் இதை மறைக்காமல் எழுதினார். அணிவதும் அணியாமலிருப்பதும் அவளவள் இஷ்டம். பார்க்கிறவர்களின் கண்ணுக்கு உறுத்தாமலிருப்பதற்காக அவள் உடுத்தவேண்டியதில்லை என்பதே நமது அபிப்பிராயம்.

நமது தேசத்தில் விலையுயர்ந்த சாமான்களுக்குக் காத்திருக்க வேண்டிய அவசியமுமில்லை. சிகிச்சை முடிந்த சில வாரங்களுக்குக் கையை மேலே தூக்குவது கஷ்டம். முன்புறம் கொக்கி வைத்த நமது ரவிக்கை அதற்கு இயல்பாகவே ஏற்றது. உள்ளே மெல்லிய பருத்தித் துணியில் ஒரு பை தைத்து, கையைச் சற்றுத் தளர்த்தி, தழும்பின் மேல் தையல் படாமல் திருத்தினால் பாதிக் கஷ்டம் நீங்கும். பஞ்சு அடைத்த உறுப்பைத் தையற்காரரே செய்துவிடலாம். ஆனால் எந்த ஸ்திரீ தெருக்கோடித் தையற்கடையில் ஆடவனிடம் நின்று இந்த அளவைச் சொல்லுவாள்?

தமிழ்நாட்டில் பள்ளிப் பிள்ளைகளின் இலவசச் சீருடைகளைத் தைத்துக் கொடுக்கும் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. அவற்றிலுள்ள ஸ்திரீகளில் ஜில்லாவுக்குச் சிலரையாவது இவ்வேலையில் பழக்கி, புற்றுநோய்ச் சிகிச்சை நடக்கும் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் வாரத்தில் ஒரு நாள் உட்கார்த்தி வைப்பது சர்க்காருக்குப் பெரிய செலவல்ல. நோயாளி வீடு திரும்பும் நாளில் மருந்துச் சீட்டோடு இரண்டு ரவிக்கைகளும் ஒரு உறுப்பும் இலவசமாய்க் கொடுக்கப்படவேண்டும். காப்பீட்டுத் திட்டத்தின் பட்டியலில் அச்செலவு பெயர் சொல்லி எழுதப்படவேண்டும். சட்டசபையிலுள்ள நமது நண்பர்கள் அடுத்த மானியக் கோரிக்கையின்போது சுகாதார மந்திரியை இதைப் பற்றிக் கேட்பார்களா?