தலைவரின் மூக்கு

மூன்று வருடத்துக்கு முன், மும்பை செம்பூரில் ஒரு தமிழ் அமைப்பின் ஆண்டு மலருக்கு மெய்ப்புத் திருத்திக் கொடுத்தேன். தாராவி தொண்ணூறு அடி சாலையில் ஃப்ளெக்ஸ் டிசைன் போடும் தம்பி ஒருவன் கேலிச்சித்திரம் ஒன்று வரைந்து கொண்டுவந்தான். பொன்னாடைமேல் பொன்னாடையாக ஏறி, தலைவருக்கு மூக்கு மட்டும்தான் வெளியே தெரிகிறது. கமிட்டியே விழுந்து விழுந்து சிரித்தது, தலைவர் உட்பட. மலர் அச்சாகி வந்தபோது அந்தப் பக்கத்தில் நகைக்கடை விளம்பரம் இருந்தது.

நான் மாட்டுங்காவாசி. ஃபைவ் கார்டன்ஸில் காலை நடைக்கு வரும் தாதர் பார்சி காலனிப் பெரியவர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். மறுநாள் துணிப்பையில் ‘ஹிந்தி பஞ்ச்’ சித்திரத் தொகுப்பு ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார். பழுப்பேறிய தாள், தொட்டால் உதிரும்.

பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது குஜராத்தியும் ஆங்கிலமும் கலந்து வந்த பம்பாய் வாரப் பத்திரிகை. 1841-ல் லண்டனில் ‘பஞ்ச்’ என்ற கேலிப் பத்திரிகை பிறந்தது. பதின்மூன்றே ஆண்டில், 1854-ல், பம்பாயில் ‘பார்சி பஞ்ச்’ வந்துவிட்டது. லண்டன் பத்திரிகையின் சின்னமான கூன்முதுகு, வளைமூக்குக் கிழவனுக்கு இந்திய வேஷம் கட்டி, ‘பஞ்சோபா’ என்று பெயரும் வைத்துக்கொண்டார்கள். காங்கிரஸ் இதே ஊரில் பிறந்த மூன்றாம் ஆண்டு, 1888-ல், பத்திரிகை ‘ஹிந்தி பஞ்ச்’ ஆனது. ஆசிரியர் பர்ஜோர்ஜி நவ்ரோஜி. காங்கிரஸ் அதில் ஒரு பெண்ணாக வருவாள். வைஸ்ராய்களும் தப்பவில்லை.

முதலில் பார்சி, பிறகுதான் ஹிந்தி. இந்த வரிசைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சொந்த வீட்டுக்குள் சிரித்துப் பழகிய கைதான் வைஸ்ராய் மூக்கையும் கூசாமல் வளைக்கும்.

“ஊரே நம்மைப் பார்த்துச் சிரிச்சது போதாதா சார்?” என்று கமிட்டிக்காரர் ஒருவர் கேட்டார். நியாயம்தான். அறுபதுகளில் இந்த நகரத்துக் கார்ட்டூன்களில் வேட்டி கட்டிய ‘மதராஸி’ பட்ட பாடு வயதானவர்களுக்கு மறக்காது. ஆனால் அது அடுத்தவன் வரைந்த நம் மூக்கு. நாமே வரைந்தது எங்கே?

தமிழுக்கு இது புதிதும் இல்லை. 1906-ல் சென்னையில் தொடங்கிய ‘இந்தியா’ பத்திரிகையில் அரசியல் கேலிச்சித்திரங்களைப் போட்டவர் பாரதி. அவர் படம் மாட்டாத சங்க அறை மும்பையில் நான் பார்த்ததில்லை. அவர் பத்திரிகையில் வந்த சித்திரம் ஒன்றையாவது போட்ட மலரையும் பார்த்ததில்லை. முண்டாசும் மீசையும் போதும் நமக்கு!

தம்பியின் படம் இன்னும் என் பீரோவில் இருக்கிறது. இந்த வருட மலரில் பக்கம் ஒதுக்கும் எந்தச் சங்கத்துக்கும் தரத் தயார். நகைக்கடைக்காரரைப் பின்னட்டைக்கு அனுப்பினால் அவர் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டார்.