எங்கிருந்து எதுவரை அளந்தீர்கள்?

"அழகு என்பது ஒரு கணக்கு. அந்தக் கணக்குக்கு விடை 1.618." மகளிர் கல்லூரி ஒன்றின் ஆண்டு விழா மேடையில் தோல் மருத்துவர் ஒருவர் இப்படிப் பேசியதை முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். ஏழெட்டு வருஷம் ஆகிவிட்டது. அதன் பிறகு அதே வாக்கியத்தை அழகு நிலைய விளம்பரத் தட்டியில் பார்த்தேன். ஞாயிறு இணைப்பிதழில் படித்தேன். கல்யாண மேக்கப் போட வந்த பெண்ணின் வாயாலும் கேட்டேன். போன மாதம் அது என் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. பத்தொன்பது வயதாகும் அக்கா மகள் செல்போனை நீட்டினாள். "சித்தி, என் முகத்துக்கு 81 சதவீதம்தான் போட்டிருக்கு. மூக்குதான் மார்க்கைக் குறைக்குதாம்."

இருபத்தெட்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் நடத்தியவள் நான். ஒரு பெண் தன் மூக்கைப் பார்த்துக் குறுகிப்போவதற்குக் கணக்கைச் சாட்சிக்கு இழுப்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அந்த மருத்துவர் அன்று வரிசையாகச் சொன்னதற்கு வரிசையாகவே பதில் சொல்லிவிடுகிறேன்.

"கிரேக்கர் காலத்திலிருந்தே இது அழகின் விதி" என்றார். இல்லை. ஒரு கோட்டை இரண்டாக வெட்டுகிறோம். முழுக் கோடு பெரிய துண்டைப் போல எத்தனை மடங்கோ, பெரிய துண்டும் சின்னத் துண்டைப் போல அத்தனை மடங்கு இருந்தால் அந்த மடங்கு 1.618. கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் சொன்னது இந்த வெட்டை மட்டும்தான். அழகைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. மனித உடம்பெங்கும் இந்த எண் இருப்பதாகப் பெரிதாகக் கிளப்பியவர் அடோல்ஃப் ட்ஸைசிங் என்ற ஜெர்மானியர், 1854இல்.

"லியோனார்டோ டா வின்சி இதை வைத்துத்தான் வரைந்தார்" என்றார். வட்டத்துக்குள்ளும் சதுரத்துக்குள்ளும் கைவிரித்து நிற்கும் அந்தப் புகழ்பெற்ற மனிதப் படத்தைச் சுற்றி லியோனார்டோவே அளவுக் குறிப்பு எழுதியிருக்கிறார். முகம் உயரத்தில் பத்தில் ஒரு பங்கு, தலை எட்டில் ஒரு பங்கு. எல்லாம் எளிய பின்னங்கள். 1.618 அதில் இல்லை.

"நம் சிற்பிகளும் இதே ரகசியத்தை அறிந்திருந்தார்கள்" என்றார். இதற்குத்தான் பலமாகக் கைதட்டினார்கள். சுவாமிமலைக்குப் போய் ஒரு ஸ்தபதியின் பட்டறையில் அரைமணி நேரம் நின்றாலே தெரிந்துவிடும். விக்கிரகத்தின் உயரத்துக்குத் தென்னை ஓலையை நறுக்கி, அதை மடித்து மடித்துத்தான் அளவு எடுக்கிறார்கள். கணக்கு தாளம், அங்குலம் என்ற சிற்பப் பங்கீட்டு அளவுகளில் ஓடுகிறது. சிவனுக்கும் விஷ்ணுவுக்கும் உத்தம தசதாளம், 124 அங்குலம். உமைக்கும் லட்சுமிக்கும் மத்திம தசதாளம், 120. பிள்ளையாருக்குப் பஞ்சதாளம், குட்டையான உடம்பு, பெரிய வயிறு. ஆளுக்கொரு அளவு. எல்லோரையும் ஒரே சட்டத்தில் அடைக்க வேண்டும் என்று அவர்கள் நினைக்கவே இல்லை. பிள்ளையார் முகத்தை யாராவது சதவீதம் போட்டுப் பார்த்திருக்கிறார்களா?

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். "அழகான முகத்தை அளந்து பாருங்கள், 1.618 வரும்" என்றார். அளந்தேன். அக்கா மகளை ஜன்னலோரம் நாற்காலியில் உட்காரவைத்து, தையல் பெட்டியிலிருந்த டேப்பை எடுத்தேன். நெற்றியில் முடி தொடங்கும் இடத்திலிருந்து தாடை நுனிவரை 17.6 செ.மீ. கன்ன எலும்புக்குக் கன்ன எலும்பு 11.7. வகுத்தால் 1.50. "பாத்தீங்களா, நான் ஃபெயில்" என்றாள். முடியைப் பின்னால் இழுத்து வாரச் சொன்னேன். நெற்றியில் பூனைமுடி விலகியதும் முடி தொடங்கும் இடம் ஏறிப்போனது: 18.2. அகலத்தைக் கன்னத்தில் எடுக்காமல் புருவ மட்டத்தில் எடுத்தேன்: 11.2. இப்போது வகுத்தால் 1.625. அதே முகம், அதே ஜன்னல் வெளிச்சம். ஐந்து நிமிஷத்தில் தேவதையாகிவிட்டாள். பிறகு சுவரிலிருந்த தினசரி காலண்டர் அட்டையை அளந்தேன். 29க்கு 18. அதாவது 1.61. அந்த அட்டை என் அக்கா மகளைவிட அழகா?

இந்தச் சூட்சுமத்தை எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளக்கிவிடலாம். கண்ணின் இரண்டு முனைகள், மூக்கு நுனி, உதட்டோரம், தாடை, காது மடல் என்று முகத்தில் 15 புள்ளி வையுங்கள். இரண்டிரண்டாகச் சேர்த்தால் 105 தூரங்கள். அந்தத் தூரங்களை ஒன்றோடொன்று வகுக்க 5,460 ஜோடிகள் கிடைக்கும். அத்தனையில் 1.618க்குப் பக்கத்தில் சில வராமல் இருந்தால்தான் அதிசயம். எந்த முகத்திலும் வரும், வயலில் நிற்கும் மாட்டின் முகத்திலும் வரும். வந்ததை எடுத்துக் காட்டிவிட்டு வராததைச் சொல்லாமல் விடுவதைக் கணக்கு என்று சொல்லக் கூடாது. என் வகுப்பில் ஒரு பையன் விடையை முதலில் எழுதிவிட்டு, அதற்கேற்ற வழியை அப்புறம் தேடினால் நான் பூஜ்யம்தான் போடுவேன்.

இதில் சதவீதம் வேறு. லண்டன் அழகியல் அறுவைச் சிகிச்சை மருத்துவர் ஜூலியன் டி சில்வா இந்த விகிதத்தை வைத்து முகங்களுக்கு மார்க் போட்ட பட்டியலை உலகப் பத்திரிகைகள் எல்லாம் வெளியிட்டன. 2022இல் நடிகை ஜோடி கோமருக்கு 94.52, மாடல் பெல்லா ஹதீதுக்கு 94.35, நம் தீபிகா படுகோனுக்கு 91.22. கோமருக்கும் ஹதீதுக்கும் வித்தியாசம் 0.17. என் டேப் 11.2 செ.மீ. அகலத்தில் ஒரே ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் வரும் பிழை ஏறக்குறைய 0.9 சதவீதம். புருவத்தை ஒரு இழை தூக்கினால் முதலிடமே கைமாறிவிடும். செல்போனில் அளந்தால் இன்னும் மோசம். முகத்திலிருந்து ஓரடி தூரத்தில் எடுக்கும் செல்ஃபியில் மூக்கு, ஐந்தடி தூரப் படத்தில் தெரிவதைவிட சுமார் 30 சதவீதம் அகலமாக விழுகிறது என்று 2018இல் அமெரிக்க மருத்துவர்களே கணக்கிட்டுச் சொன்னார்கள். அக்கா மகள் குறுகிப்போனது தன் மூக்குக்காக அல்ல, லென்ஸ் காட்டிய மூக்குக்காக.

"இந்த விகிதத்தில் செய்த முகமூடி எல்லா இனத்துக்கும் பொருந்தும்" என்றார். ஸ்டீபன் மார்க்வார்ட் என்ற அமெரிக்கத் தாடை அறுவை நிபுணர் உருவாக்கிய முகமூடி அது. ஐரோப்பிய ஃபேஷன் மாடல்களின் முகத்துக்குத்தான் அது ஒத்துப்போகிறது, ஆப்பிரிக்க, கிழக்காசிய முகங்களுக்கு ஒத்துவரவில்லை என்று 2008இல் அவர்கள் துறை இதழிலேயே கட்டுரை வந்துவிட்டது. இன்னும் அதைத் தூக்கிக்கொண்டு வந்து நம் பெண் பிள்ளைகளின் முகத்தில் ஏன் மாட்டுகிறீர்கள்?

"கைக்குழந்தைகூட அழகான முகத்தைத்தான் அதிக நேரம் பார்க்கும்" என்றார். பார்க்கும். ஆனால் அம்மா வளர்க்கும் மூன்று மாதக் குழந்தை பெண் முகத்தை அதிகம் பார்க்கிறது, அப்பா வளர்த்தால் ஆண் முகத்தை. பழகிய முகமும் குழந்தையை இழுக்கிறது.

அந்த மேடையில் பேசாமல் விட்டது இந்தப் பழக்கத்தைத்தான். 1992இல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மோர்லண்டும் பீச்சும் ஒரு சோதனை வைத்தார்கள். தோற்றத்தில் ஒருவருக்கொருவர் சளைக்காத நான்கு பெண்கள். ஒருத்தி வகுப்புக்கு வரவே இல்லை. மற்றவர்கள் 5 முறை, 10 முறை, 15 முறை வந்து, யாரோடும் பேசாமல் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். பருவ முடிவில் நால்வர் படத்தையும் காட்டியபோது, எவள் அதிக முறை வந்தாளோ அவளைத்தான் மாணவர்கள் கூடுதல் வசீகரம் என்றார்கள். முகத்தில் ஒரு மில்லிமீட்டரும் மாறவில்லை. 2015இல் 547 ஜோடி ஒற்றைக்கரு இரட்டையரையும் மற்ற இரட்டையரையும் ஒப்பிட்ட ஆய்வு இன்னொன்றைக் காட்டியது. எந்த முகம் பிடிக்கும் என்பதில் ஆளுக்கு ஆள் இருக்கும் வேறுபாட்டுக்குப் பெரும்பங்கு காரணம் மரபணு அல்ல, அவரவருக்கு வாய்த்த வாழ்க்கை. எந்த முகங்களுக்கு நடுவில் வளர்ந்தோமோ, யார் நம்மிடம் அன்பாக இருந்தார்களோ, அதிலிருந்துதான் நம் கண் அழகைக் கற்றுக்கொள்கிறது.

அக்கா மகளுக்கு அவள் ஆச்சியின் மூக்கு. அந்த மூக்கோடு அவளைப் பார்த்துப் பழகிய எங்கள் யாருக்கும் அதில் ஒரு குறையும் தெரிந்ததில்லை.

கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். இந்தப் பேச்சு உங்கள் மேடைக்கும் வரும். கைதட்டாதீர்கள். எழுந்து நின்று மரியாதையாகவே கேளுங்கள்: "டாக்டர், எங்கிருந்து எதுவரை அளந்தீங்க?"